பெட்டியில் ஆட்டமும் பார்ப்போர் கண்ணும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையிலே கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இந்தச் சபையிலிருக்கும் தந்தைமாருள் "வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாடா என்றால் மெட்ச் இருக்கிறது என்கிறான்" என்று குறை கூறாதவர் எத்தனை பேர்? "அப்பாவுக்கு ஆட்டம் விளங்காது, வந்து சத்தம் போடுகிறார்" என்று முணுமுணுக்காத பிள்ளைகள்தாம் எத்தனை பேர்? இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டத்துத் தோட்டங்களிலும் லயத்துக்கு லயம் நடக்கின்ற வழக்கு இது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பார்க்கிறோம், இனியும் பார்க்கத்தான் போகிறோம். அப்படிப் பார்க்கும்போது நம்முடைய கண் எங்கே நிற்கிறது, அதை அங்கே நிறுத்தி வைத்தவர் யார் என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் பழைய கதை கொஞ்சம். சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி தொடங்கிற்று. நாடு முழுவதற்குமான ரூபவாஹினி, ஜப்பானிய உதவியுடன், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி பிறந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 17ஆம் திகதி, இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. ஆடிய இடம் கொழும்பிலுள்ள பி. சரவணமுத்து மைதானம், ஒரு தமிழ்மகனின் பெயர் தாங்கிய மைதானம். அணித்தலைவர் பந்துல வர்ணபுர. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது. தொலைக்காட்சியும் டெஸ்ட் ஆட்டமும் இந்நாட்டில் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே வாரத்தில் தொட்டிலேறின என்பதை நம் வாலிபர்கள் பலர் அறியார்.

எல்லா லயங்களுக்கும் மின்சாரம் எட்டாத காலம் அது. கார் பெட்டரியைச் சுமந்து டவுனுக்குப் போய், சார்ஜ் ஏற்றி, மறுபடியும் மலையேறிக் கொண்டு வருவார்கள். மூங்கிற் கழியிலே அன்டெனாவைக் கட்டி ஒருவர் வெளியே நின்று திருப்புவார். உள்ளேயிருந்து மற்றொருவர் "போதும், போதும், ஐயோ போய்விட்டது" என்று கூவுவார். பீதுருதாலகாலை மலையிலிருந்து வருகிற ஒளிபரப்பு, பள்ளத்து லயங்களை அடைவதற்குள் களைத்துப் போய்விடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சதா மழை பெய்து கொண்டேயிருக்கும். அந்த மழையில் பந்தை எவரும் கண்டதில்லை!

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பந்து தெரியாத காரணத்தால் நாங்கள் ஆளைப் பார்த்தோம். துடுப்பாட்டக்காரரின் முன்கால் எங்கே போகிறது, விக்கெட் காப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார், எல்லைக்கோட்டருகே நிற்பவர் ஓடத் தொடங்கினாரா அல்லது கையைக் கட்டிக்கொண்டு நின்றாரா, இவற்றையெல்லாம் வைத்துப் பந்து போன திசையை ஊகித்தோம். ஊகித்ததை உடனே வாய்விட்டுச் சொன்னோம். இஸ்தோப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது ஊகங்கள் பிறக்கும். அவற்றுள் எது சரியென்று தீருமுன் அடுத்த பந்து வந்துவிடும். நம்முடைய பெரியவர்கள் அருச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் விடிய விடியப் பார்த்துப் பழகியவர்கள். கூத்துக் களரியில் எவரும் நம் தலையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்புவதில்லை. விரும்பியவர் வேடக்காரரைப் பார்ப்பார், விரும்பியவர் மத்தளக்காரரின் விரலைப் பார்ப்பார், சிலர் உறங்கி வேண்டிய கட்டத்தில் விழித்துக் கொள்வார். அந்தப் பழக்கம் பெட்டிக்கு முன்னும் நம்மோடு வந்தது.

இன்றைக்கு லயத்துக் கூரைகளிலே டிஷ் முளைத்திருக்கிறது. படம் பளிங்கு போலிருக்கிறது. பந்தின் தையலைக்கூட எண்ணலாம். ஆனால் பந்தைத் தவிர வேறெதையாவது பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

துரோணாசாரியார் மரத்திலே ஒரு பறவையை வைத்து, "என்ன தெரிகிறது?" என்று சீடர்களைக் கேட்ட கதையை யாவரும் அறிவோம். மற்றவர்கள் மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது என்றார்கள். அருச்சுனன் ஒருவன் மாத்திரம் பறவையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்றான். அவனுக்கே ஆசாரியர் அம்பெய்ய அனுமதி கொடுத்தார். அம்பு எய்கிறவனுக்கு அது அழகு. ஆனால் நாம் அம்பு எய்கிறவர்கள் அல்லர், பார்க்கிறவர்கள். பார்க்கிறவனுக்கு மரமும் தெரியவேண்டும், கிளையும் தெரியவேண்டும். கமெராவோ நம் எல்லோரையும் அருச்சுனர்களாக்கிப் பறவையின் கண்ணை மட்டுமே காட்டுகிறது. படம் பார்ப்போரின் கண்ணசைவை அளந்து ஆராய்ந்தவர்கள், பலருடைய கண்களும் ஒரே நேரத்தில் திரையின் நடுப்பகுதியிலேயே மொய்க்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஓரத்தில் நடப்பது ஓரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர் வெளியிட்ட ஒரு சோதனை உலகப் பிரசித்தமானது. இரு குழுவினர் பந்தை எறிந்து பிடிக்கும் படம் ஒன்றைக் காட்டி, ஒரு குழு எத்தனை முறை எறிகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவிலே கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு நின்று, பிறகு போய்விட்டார். எண்ணிக்கையில் கவனமாயிருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குரங்கையே காணவில்லை! (நம் தோட்டத்தில் மரவள்ளி போட்டவர் எவரும் குரங்கைக் காணாதிருக்கமாட்டார் என்று தாய்மார் பக்கத்தில் யாரோ சொல்வது கேட்கிறது. உண்மைதான். அவருடைய கவனம் குரங்கின்மேல்தான் இருக்கிறது.)

கிரிக்கெட் ஒளிபரப்பில் ஒரு காலத்தில் ஆடுகளத்தின் ஒரு முனையில் மட்டுமே பிரதான கமெரா இருந்தது. ஆகவே ஓவர் விட்டு ஓவர் துடுப்பாட்டக்காரரின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1977இல் கெரி பக்கர் என்னும் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி தாமே போட்டிகளை நடத்தத் தொடங்கியபோது இரு முனையிலும் கமெராவை வைத்தார். அது பெரிய நன்மையே. அதோடு விளம்பரமும் பெருகிற்று. ஓவர் முடிந்தவுடன் சவர்க்காரமும் சீமெந்தும் வந்துவிடுகின்றன. அந்த ஒரு நிமிடத்திலேதான் அணித்தலைவர் ஆட்களை இடம் மாற்றுகிறார். பந்து வீச்சாளரின் தோளிற் கைபோட்டுப் பேசுகிறார். அடுத்த ஓவருக்கான சூழ்ச்சி அங்கேதான் உருவாகிறது. நமக்குத் தெரிவது விளைவு மாத்திரம். ஆகையாற்றான் விக்கெட் விழுந்ததும் "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிடுகிறோம்.

1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி கல்கத்தாவில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியைப் பார்த்தவர்களை இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் ஆடிய ஆட்டம். எதை நினைவு வைத்திருக்கிறீர்கள் என்றால் பத்தில் ஒன்பது பேர், "காம்ப்ளி அழுதுகொண்டு போனாரே" என்பார்கள். அல்லது ரசிகர்கள் தீ மூட்டியதைச் சொல்வார்கள். இரண்டும் கமெரா நெருங்கிப் போய்க் காட்டிய காட்சிகள். ஆட்டம் எதனால் திரும்பியது? நாணயச் சுழற்சியில் வென்ற இந்தியா முதலில் களத்தடுப்பைத் தெரிவு செய்தது. இலங்கை 251 ஓட்டங்கள் எடுத்தது. அரவிந்த டி சில்வா 47 பந்துகளில் 66. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நிமிர்ந்து நின்றபோது ஆடுகளம் பொடிந்து போயிருந்தது. சனத் ஜயசூரியவின் பந்தில் களுவிதாரண டெண்டுல்கரை ஸ்டம்ப் செய்தார். அதன் பின் எட்டு விக்கெட்டுக்கு 120. ஜயசூரிய ஏழு ஓவரில் 12 ஓட்டங்களே கொடுத்து மூன்று விக்கெட். கண்ணீரும் நெருப்பும் கண்ணை நிறைத்துவிட்டபடியால், பொடிந்த தரையை எவரும் நினைவு வைக்கவில்லை.

ஓட்டப் பந்தயத்திலும் இதுவே நிலைமை. நம் கேகாலை மாவட்டத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் இறுதியை 22.28 விநாடியில் ஓடினார். உலகத்தின் கண்ணெல்லாம் முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் மேல் இருந்தது. நம்மவர்கள் மாத்திரம் படத்தின் ஓரத்தையும் தேடினார்கள். சுசந்திகா வெண்கலம் பெற்றதைக் கண்டு துள்ளினார்கள். ஊக்க மருந்து உட்கொண்டதை 2007இல் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார்; 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. சிட்னியில் கமெரா துரத்தியது ஒரு பொய்யை. மெய் சற்றுப் பின்னாலே ஓடி வந்துகொண்டிருந்தது. இன்னுமொன்று சொல்லவேண்டும். இந்நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். நம் தோட்டத்து மைதானங்களிலே மாலையில் வலை கட்டி ஆடுவதும் அதையே. அதைப் பெட்டியில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர், எதைக் காட்டாமல் விடுவது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

நிற்க. கமெராவுக்கு மற்றுமொரு வித்தை தெரியும். நடந்ததை மீண்டும் காட்டுவது அது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவில் இராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் நடந்த ஆட்டத்தில் டோனி வேர்னா என்னும் தொலைக்காட்சி இயக்குநர் அதை முதன்முதல் செய்தபோது, இராணுவ அணி மறுபடியும் புள்ளி பெறவில்லை என்று அறிவிப்பாளர் மக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததாம். இன்று மீள்காட்சி இல்லையென்றால் நமக்கு ஆட்டமே பார்த்ததாகத் தோன்றுவதில்லை. 1992இல் டர்பனில் டெண்டுல்கர் மூன்றாம் நடுவரால் ரன் அவுட் ஆனார். 2008இல் கொழும்பில் இந்திய–இலங்கை டெஸ்ட் போட்டியில், நடுவரின் தீர்ப்பை வீரர்கள் மறுபரிசீலனைக்கு அனுப்பும் முறையைப் பரீட்சித்தார்கள். மெதுவாகக் காட்டினால் உண்மை வெளிப்படும் என்பதே எல்லாருடைய நம்பிக்கையும்.

அந்த நம்பிக்கைக்கு நம் மலையக மண்ணின் மைந்தர் ஒருவர் கொடுத்த விலையை இங்கே சொல்லாமலிருக்க முடியாது. முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியிலே பிறந்தவர். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டாரல் ஹெயார், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று ஏழு முறை நோ போல் கொடுத்தார். அன்று தொடக்கம் உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் அவருடைய முழங்கை ஒன்றையே மெதுவாக, மிக மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டின. பார்த்தவர்கள் பலருக்கும் கை மடங்கி நிமிர்வது போலத்தான் தெரிந்தது.

அது ஏன் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். முழங்கை போல வளைந்த குச்சியொன்றை எடுத்துக் குப்பி லாம்பின் முன்னே பிடித்துச் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் சிலவேளை வளையும், சிலவேளை நேராகும். குச்சி அசையவேயில்லை, வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை. தட்டையான திரையில் நாம் கண்டது அதன் நிழலைத்தான். மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களிலே பல கோணங்களில் அளந்து பார்த்து, எறிவது போலத் தோன்றுவது கண் மயக்கமே என்று கண்டார்கள். 2004இல் கையை மடக்க முடியாதபடி உறுதியான கவசம் பூட்டிக்கொண்டு கமெராக்களின் முன்னே அதே பந்துகளை வீசியும் காட்டினார். பின்னர் எல்லாப் பந்து வீச்சாளர்களுக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை வரை கை நிமிரலாம் என்று சர்வதேசச் சபை விதி வகுத்தது. முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய மணிக்கட்டையும் தோளையும் பார்க்கத் தவறினார்கள். மாயம் முழுவதும் அங்கேயன்றோ இருந்தது!

மெதுவான காட்சியில் இன்னுமொரு தீமை உண்டு. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஒரே செயலைச் சாதாரண வேகத்திலும் மெதுவாகவும் மக்களுக்குக் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று அதிகமாக நம்பினார்கள். கண் இமைக்கும் நேரத்தில் நடந்ததற்கு யோசித்துச் செய்த நேரம் இருந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. பலாங்கொடை பஸ்ஸிலே யாராவது நம் காலை மிதித்ததை மெதுவாகக் காட்டினால் அவரும் குற்றவாளியாகிவிடுவார்.

வர்ணனையாளரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1977இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பனித்தரை ஹொக்கி ஆட்டத்தில் சாதாரணமாக நடந்த பகுதியொன்றுக்குக் கடும் மோதல் போலப் பரபரப்பான வர்ணனை கொடுத்தார்கள். உண்மையிலேயே முரட்டுத்தனமாக நடந்த பகுதிக்கு அமைதியான வர்ணனை. பார்த்தவர்கள் சாதாரணப் பகுதியையே முரடானது என்றார்கள். காது கண்ணை ஆண்டது. நம்முடைய நிலை இன்னும் விசேடமானது. வேறு மொழியில் வர்ணனையைக் கேட்டு, பாதியை விளங்கி, மீதியைக் குரலின் ஏற்ற இறக்கத்தில் ஊகித்து வந்தவர்கள் நாம். தமிழ்நாட்டில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியிலே செந்தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்து புகழ்பெற்றார். 2020இல் அவர் மறைந்தார். 2017 தொடக்கம் விளையாட்டுக்கென்றே தமிழில் ஒரு அலைவரிசையும் இந்தியாவில் உண்டு. சொந்த மொழியிலே கேட்கும்போது சந்தேகம் பிறக்கிறது. "அப்படியில்லையே" என்று மறுத்துச் சொல்ல நா எழுகிறது. விளங்காத மொழியை நாம் நம்பிவிடுகிறோம்.

கமெராவையும் வர்ணனையையும் பற்றிச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் இந்தச் சபையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

1951ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகளுக்கிடையே ஒரு முரட்டு ஆட்டம் நடந்தது. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, மற்றொருவருக்குக் கால் முறிந்தது. பின்னர் அதே படத்தை இரு கல்லூரி மாணவர்க்கும் காட்டி, விதி மீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த பிழைகளாக டார்ட்மத் மாணவர்கள் கண்டதிலும் இரு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். 1954இல் இந்த ஆய்வு வெளிவந்தது. எவரும் பொய் சொல்லவில்லை. ஒரே படந்தான், ஆனால் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தார்கள்.

நம் லயங்களில் இந்தியாவும் இலங்கையும் ஆடும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பராவில் தோனி படம், அடுத்த காம்பராவில் சங்கக்கார படம். சிலவேளை ஒரே காம்பராவில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம். இது விளையாட்டினால் மட்டும் வந்த பிரிவல்ல. 1948இன் சட்டத்தால் நாடற்றவரானோம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் கணக்கெழுதிப் பிரித்தது. அத்தை கூடலூரில், மாமன் இறக்குவானையில். சித்தப்பா திருச்சியில், பாட்டியின் சமாதி தெரணியகலையில். எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வாறு பிரிந்த ஒரு சனம் இந்த இரு அணிகளும் ஆடுவதைப் பார்க்கும்போது, நாற்பது வருடத்துக் கடிதங்களும் கண்ணீரும் அந்தத் திரையின் மேல் விழுகின்றன. அவுஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடுவதைப் பார்ப்பது போல அதைப் பார்க்க நம்மால் முடியாது.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. டவுனிலே கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். நம் பையனும் நிற்கிறான். இலங்கையின் விக்கெட் ஒன்று விழுகிறது. அந்தக் கணத்தில் இரண்டு மூன்று முகங்கள் திரையை விட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கின்றன. அவன் சிரித்தானா? ஆட்டம் பார்க்க வந்தவன் தானே ஒரு காட்சியாகிவிடுகிறான். அதன் பிறகு அவனால் ஆட்டத்தைப் பார்க்க முடியுமா? ஒரு கண் திரையில், மறு கண் அக்கம் பக்கத்து முகங்களில். மற்றவர் கைதட்டிய பிறகு அரைக் கணம் பிந்தித் தானும் தட்டுகிறான். பந்து எங்கே போயிற்று என்று கேட்டால் தெரியாது. யார் யார் தன்னைப் பார்த்தார்கள் என்று கேட்டால் ஒன்றும் தவறாமற் சொல்லுவான். நம் பிள்ளைகளின் கவனத்தை மிக அதிகமாகத் தின்றது விளம்பரமல்ல, கைத்தொலைபேசியுமல்ல; இந்த அச்சந்தான் என்று நான் கருதுகிறேன். வேறு எந்த நாட்டு ஆய்வாளரும் இதை அளந்ததாகத் தெரியவில்லை. அளக்க வேண்டுமானால் நம் கடைவீதிக்குத்தான் வரவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி ஞாயிறு இரவு. போர் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் குண்டு வெடித்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பாதுகாப்புக் கருதி இங்கே ஆட வர மறுத்திருந்தன. நம் இளைஞர்கள் டவுனுக்குப் போனால் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போன நாட்கள். லாகூரில் இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 241. முரளிதரன் பத்து ஓவரில் 31 ஓட்டங்களே கொடுத்தார். இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது அரவிந்த வந்தார். குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47, அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டுகளால் வெற்றி. அன்றிரவு நாட்டார் கிராமத்திலும் லயத்திலும் ஒரே நேரத்தில் வெடி வெடித்தது. அன்று ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அந்த ஓரிரவினால் நாட்டின் வினை தீர்ந்துவிடவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் அச்சமின்றிப் பார்ப்பது எத்தகைய சுகம் என்பதை அன்று நம்மவர் அறிந்தார்கள்.

2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதியும் அப்படித்தான். காலியில் இந்தியாவுக்கு எதிராக முரளியின் கடைசி டெஸ்ட். 799 விக்கெட்டுகள் எடுத்தாயிற்று, இன்னும் ஒன்றுதான். இந்தியாவின் கடைசி இணை அசையாமல் நின்றது. அன்றைக்கு இந்தியப் பக்கத்தவரும் இலங்கைப் பக்கத்தவரும் ஒரே பந்துக்காகவே காத்திருந்தார்கள். ஓஜாவின் துடுப்பில் பட்டு மஹேல ஜயவர்தனவின் கைக்குப் பந்து போயிற்று. எந்தப் பக்கம் என்ற கேள்வியை அந்தப் பந்து சிறிது நேரம் மறக்கடித்தது.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். எந்த அணியின் பக்கம் என்று பிள்ளையைக் கேட்டு அவனைக் கூண்டில் ஏற்றாதீர்கள். அதை வெளியிலே கேட்பவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். "அந்தப் பந்துக்கு ஏன் அங்கே ஆளை நிறுத்தினார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்காருவான்.

கண்ணைப் பழக்குவது எப்படி என்று வாலிபர்கள் கேட்கலாம். அதற்கு ஆசான் தேடி வெளியூர் போகவேண்டாம். நம் றப்பர் மலையிலே விடியுமுன் பால்வெட்டப் போகிறவரைப் பாருங்கள். ஒரு நாளில் இருநூற்றைம்பது, முந்நூறு மரம். பட்டையைப் போதிய ஆழம் வெட்டாவிட்டால் பால் வராது. ஒரு நூலளவு கூடினால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். அவர் மரம் முழுவதையும் பார்ப்பதில்லை, கத்தி முனையையும் முறைத்துப் பார்ப்பதில்லை. கத்தி அடுத்து எங்கே வரப்போகிறதோ அந்த இடத்தைப் பார்க்கிறார். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் துடுப்பாட்டக்காரரின் கண்ணசைவை அளந்தவர்களும் இதையே கண்டார்கள். பந்து கையை விட்டுப் புறப்படும்போது பார்க்கிறார்கள். பிறகு பந்தைப் பின்தொடராமல், அது தரையில் விழப்போகும் இடத்துக்குக் கண் முந்திப் பாய்ந்து நிற்கிறது. திறமைசாலியின் கண் இன்னும் முந்திப் போகிறது. பந்தின் பின்னே ஓடுகிற கண் பார்வையாளனுடையது. பந்துக்கு முன்னே போய்க் காத்திருக்கிற கண் ஆட்டக்காரனுடையது. நம் பெற்றோர் தலைமுறை தலைமுறையாக இரண்டாவது வகைக் கண்ணை வைத்தே உழைத்து வந்திருக்கிறார்கள். பெட்டியின் முன்னே உட்கார்ந்தவுடன் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு ஒரு யோசனை கூறி முடிக்கிறேன். அடுத்த ஒருநாள் போட்டியைச் சங்க மண்டபத்திலே எல்லோரும் கூடிப் பார்ப்போம். பூசை முடிந்த பிறகு, பெரியோர்களே! முதல் பத்து ஓவருக்குப் பெட்டியின் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிடுவோம். வாலிபர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து நின்று, ஆளுக்கு ஒரு ஓவர், தமிழிலே வர்ணனை சொல்லட்டும். சொல் வராமல் தடுமாறினால் சபையோர் எடுத்துக் கொடுங்கள். விளம்பரம் வரும்போது மற்றொருவர் சுண்ணாம்புக் கட்டியால் கரும்பலகையில் களத்தடுப்பாளர் நின்ற இடங்களைக் குறிக்கட்டும். அடுத்த ஓவரில் யார் இடம் மாறினார் என்று பார்ப்போம். எதிர் அணியின் பந்து வீச்சாளரைப் புகழ்ந்து ஒரு வாக்கியமாவது சொல்லாதவருக்குத் தேநீர் கிடையாது. ஓய்வுபெற்ற பால்வெட்டுக்கார ஐயாமார் முன்வரிசையில் அமரவேண்டும். பந்து எங்கே விழப்போகிறது என்று அவர்களையும் கேட்கவேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள நண்பர்களையும் அழையுங்கள். அவர்கள் ஒரு ஓவரைத் தங்கள் மொழியில் சொல்லட்டும். கதிரைகள் போதாது, வருகிறவர்கள் பாய் கொண்டு வாருங்கள்.